குமிழைத் திருகினால் ரெகே வராது

பாஸ் கிட்டார் வாசிப்பவர்களிடம் ஜமைக்கா இசையான ரெகேயின் ஒலி எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரு பட்டியலை ஒப்பிப்பார்கள். ஃபெண்டர் பிரசிஷனோ ஜாஸ் பாஸோ வாங்கு. ஃப்ளாட்வூண்ட் தந்தி மாட்டு. மாட்டியபின் அறுந்தாலொழிய மாற்றாதே. பிரிட்ஜுக்கு அருகில் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகு. கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் திற. டோன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகு. ஆம்பில் பாஸை முழுக்க ஏற்று, ட்ரெபிளை முழுக்க இறக்கு. முடிந்தது, நீயும் ஜமைக்காவின் கிங்ஸ்டன்காரன்.

கடைக்காரர் சொல்கிறார், வாத்தியார் சொல்கிறார், பட்டியலை நம்பிப் பணம் செலவழித்தவர் எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறார். ஆனால் இந்தப் பட்டியலால் ரெகே வராது. ரெகேயில் நாம் கேட்டு மயங்கும் அந்தக் கனம், ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது வெட்டப்படுகிறது என்பதிலிருந்தும், சுற்றியுள்ள கருவிகள் அதற்கு விட்டுக்கொடுக்கும் இடத்திலிருந்தும் பிறப்பது. குமிழின் வேலை கடைசியில் வரும் சின்னத் திருத்தம். அதை முதலாவதாக வைப்பதால்தான் இத்தனை பேர் சேற்றில் கால் வைத்தது போன்ற ஒரு மங்கலான உறுமலை எழுப்பிவிட்டு அதற்கு ரெகே என்று பெயர் சூட்டுகிறார்கள்.

பட்டியலை அதன் சொந்தக் கணக்கிலேயே சோதிப்போம். 1960களில் டெட்ராய்ட் நகரத்தில், மோடவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் பாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரசிஷன். அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃப்ளாட்வூண்ட் தந்திகள். அறுந்தால்தான் மாற்றுவார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச். பட்டியலின் முக்கியமான சரக்கெல்லாம் அவரிடம் இருந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். வாசித்தது ரெகே அல்ல, சோல். அவர் வாசித்த எந்தப் பாட்டையும் கேட்டு யாரும் ஜமைக்காவை நினைத்துக்கொள்வதில்லை. ஒரே மரம், ஒரே தந்தி, ஒரே ஸ்பாஞ்ச் இருந்தும் இரண்டு ஊர்களில் இரண்டு இசைகள் பிறந்தன என்றால், வேறுபாட்டை உண்டாக்கியது அந்தச் சரக்கு இல்லை என்பது வெளிப்படை.

ஃப்ளாட்வூண்ட் என்பது ஜமைக்காவின் ரகசியமும் இல்லை. தட்டையான நாடாவைச் சுற்றிய அந்தத் தந்திதான் அன்றைய பாஸ் கிட்டார்களில் வழக்கமாக இருந்தது. இன்று நாம் கேட்கும் கணீரென்ற ரவுண்ட்வூண்ட் ஒலி 1966 வாக்கில் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து பிரபலமாக்கியது. கைக்குக் கிடைத்ததை வைத்து வாசித்த ஒரு தலைமுறையின் வழக்கத்தை நாம் பிற்பாடு சூத்திரமாக்கிவிட்டோம்.

அடுத்தது குமிழ். பாஸ் கிட்டாரில் உள்ள சாதாரண டோன் குமிழ் எதையும் கூட்டுவதில்லை. உள்ளே ஒரு மின்தடையும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கின்றன. பெரும்பாலும் 250 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும். குமிழை இறக்க இறக்க, மேல் அதிர்வெண்கள் தரைக் கம்பிக்கு வடிந்துவிடுகின்றன. அடி ஒலி முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இருக்கிறது. மேலே இருந்தது போனதால் கீழே இருப்பது பெரிதாகத் தெரிகிறது. அதுவும் தனியாக வாசிக்கும்போது மட்டும். டிரம்ஸும் கிட்டாரும் ஆர்கனும் சேர்ந்தவுடன் அந்தத் தோற்றம் கலைந்துவிடும்.

காரணம் காதின் வேலைமுறையில் இருக்கிறது. பாஸின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதோடு 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் எழுகின்றன. பெரும்பாலான சிறிய ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்பவே முடியாது. ஆனாலும் நாம் அந்தச் சுரத்தைக் கேட்கிறோம். மேல் மடங்குகளைக் காது பிடித்துக்கொண்டு, இல்லாத அடிப்படையை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. சுரம் இன்னது என்று சொல்வதும், அது எந்த நொடியில் தொடங்கியது என்று காட்டுவதும் பெரும்பாலும் இந்த மேல் மடங்குகளும் நடு அதிர்வெண்களும்தான். அவற்றையும் சேர்த்து வெட்டியெறிந்தால் கேட்பவருக்கு மிஞ்சுவது தரையின் அதிர்வு மட்டும். ரெகேயில் பாஸ்தான் பாட்டின் ராகத்தைச் சுமக்கிறது. ராகத்தைச் சுமக்கும் கருவியின் சுரம் தெரியாமல் போனால் பாட்டில் என்ன இருக்கிறது?

ஜமைக்காவின் வெய்லர்ஸ் குழுவின் பாஸ் கலைஞர் ஆஸ்டன் பாரெட், ‘ஃபேமிலி மேன்’ என்று உலகம் அழைத்தவர், 2024 பிப்ரவரியில் மறைந்தார். பாஸ் வாசிப்பது தனக்குத் தாழ்ந்த குரலில் பாடுவதைப் போன்றது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாடுகிறவர் வாயைத் துணியால் மூடிக்கொள்வதில்லை. அவருடைய லைன்களைக் கேட்டுவிட்டு நம்மால் வாயாலேயே முனகிக்காட்ட முடிகிறது. ஒவ்வொரு சுரமும் துலக்கமாக வந்து விழுவதால்தான் அது முடிகிறது.

ஆம்பில் பாஸை முழுக்க ஏற்றச் சொல்லும் யோசனை இன்னும் மோசமானது. ஒலி குறைவாக இருக்கும்போது மனிதக் காது அடி அதிர்வெண்களைச் சரியாகக் கேட்பதில்லை என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அறைக்குள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெதுவாக வாசிக்கும்போது பாஸ் போதாததுபோலத் தோன்றும், ஏற்றுவீர்கள். அதே அமைப்போடு மேடைக்குப் போய் ஒலியைக் கூட்டினால் காதின் கணக்கு மாறிவிடும். அறையில் இதமாக இருந்தது மேடையில் வெள்ளமாகும். அறையும் தன் பங்குக்குக் கெடுக்கும். 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். சின்ன அறைக்குள் அது சுவருக்குச் சுவர் மோதி, ஒரு சுரத்தை முழங்க வைத்து இன்னொன்றை விழுங்கிவிடும். அந்த அறையில் கண்டுபிடித்த ‘ரெகே டோன்’ அந்த அறைக்கு மட்டுமே சொந்தம்.

இதற்குப் பட்டியல்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: இசைத்தட்டில் பாஸ் அப்படி இடிக்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அந்த இடி முழுவதையும் கிட்டாரின் கணக்கில் எழுதுவது தவறு. ஜமைக்காவில் இந்த இசையின் வீடு தெருதான். 1950களிலிருந்தே காக்சன் டாட், டியூக் ரீட் போன்றவர்கள் சவுண்ட் சிஸ்டங்களைத் தெருவிலும் திறந்த வெளியிலும் நிறுத்தினார்கள். பீரோ அளவுப் பெட்டிகள், அவற்றுக்குள் பெரிய ஸ்பீக்கர்கள், பாஸைத் தனியே பிரித்து ஓட்டும் ஆம்புகள். அதே டாட்டும் ரீடும்தான் பிறகு பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். எந்தத் தட்டு எந்தப் பெட்டியில் ஒலிக்கப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வயிற்றில் வந்து மோதும் அந்த அடி, வாசித்தவரின் விரலில் தொடங்கிப் பதிவுக்கூடம், தட்டு, சவுண்ட் சிஸ்டம் என்று ஒவ்வொரு படியிலும் வளர்ந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கேட்டதை முதல் கண்ணியில், அதுவும் வீட்டிலுள்ள சின்ன ஆம்பில், உண்டாக்கப் பார்ப்பதுதான் இன்றைய தவறு.

கிங் டப்பியின் கதை இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சி. ஆஸ்பர்ன் ரடக் என்பது அவர் இயற்பெயர். மின்சாதனங்களைப் பழுதுபார்த்தவர், சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர், கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஒரு சின்ன அறையில், பதிவான ரெகே பாட்டுகளை மிக்சரில் பிரித்து மாற்றியமைக்கும் டப் இசையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அவருடைய எம்சிஐ மிக்சரில் ஒரு பெரிய குமிழ் இருந்தது; டப் உலகில் இன்றும் பேசப்படும் குமிழ். அது பாஸைக் கூட்டும் குமிழ் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது அடி அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி. திருகத் திருக ஒலி மெலிந்து, சல்லடைத் தகரம்போல ஆகும். பாஸை முழுதாக நிறுத்துவார். சில தாளச் சுற்றுகள் வெறும் சிம்பலும் எதிரொலியுமாகப் போகும். பிறகு பாஸைத் திரும்ப உள்ளே விடுவார். கேட்பவர் மார்பில் அது இடியாக இறங்கும். டெசிபலில் எதுவும் கூடவில்லை. முன்பு இருந்த அதே பாஸ்தான். இல்லாமல் போயிருந்ததால் இப்போது பெரிதாகத் தெரிகிறது. பாஸ் இசையின் தலைசிறந்த மேதை ஒருவர், கனத்தை உண்டாக்கக் கண்டுபிடித்த வழி அதை எடுத்துவிடுவது. நம் ஆட்களோ எல்லாச் சுற்றிலும் எல்லாச் சுரத்திலும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

இன்னொரு கேள்வியும் பட்டியலை உதறலெடுக்க வைக்கும்: எந்த ரெகே? ‘ரெகே டோன்’ என்று ஒருமையில் பேச இடமே இல்லை. ரெகேக்கு முன்னோடியாக 1964இல் தொடங்கிய ஸ்கட்டலைட்ஸ் குழுவில் லாயிட் பிரெவெட் வாசித்தது மின்சாரம் இல்லாத டபுள் பாஸ். ரெகேக்குச் சற்று முந்திய, 1966 முதல் 1968 வரையிலான ராக்ஸ்டெடி காலத்தில் தாளம் நிதானமானது. எலக்ட்ரிக் பாஸ் முன்னுக்கு வந்தது. ட்ரெஷர் ஐல் பதிவுக்கூடத்தில் ஜாக்கி ஜாக்சனும் ஸ்டூடியோ ஒன் பதிவுக்கூடத்தில் லிராய் சிப்பிள்ஸும் உருண்டையான, மென்மையான ஒலியில் லைன்கள் கட்டினார்கள். 1970களில் சேனல் ஒன் பதிவுக்கூடத்தில் ராபி ஷேக்ஸ்பியர் வாசித்தது வேறு. இன்னும் முன்தள்ளிய, விளிம்பு தெரிகிற ஒலி. 1980களின் தொடக்கத்தில் ரூட்ஸ் ராடிக்ஸ் குழுவின் ஃப்ளாபா ஹோல்ட் வாசித்தது மெதுவாக, வறண்டு, சுரங்களுக்கிடையே பெரும் வெளி விட்டு நின்றது. டிரம்ஸ் வாசித்த ஸ்லையும் இதே ராபியும் பின்னணியில் நின்று உருவாக்கிய பிளாக் உஹுரு குழுவின் ‘ஆந்தம்’, 1985இல் ரெகேக்கென்று முதன்முதலாகத் தரப்பட்ட கிராமி விருதை வாங்கியது. அதில் பாஸ், எலக்ட்ரானிக் டிரம்ஸோடு தோளுரசி நிற்கிறது. இவற்றில் எது உண்மையான ரெகே டோன், எது போலி?

இங்கே ஜமைக்கா இசையின் ஒரு தனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பாட்டின் பாஸ் லைனும் தாளக்கட்டும் சேர்ந்து ‘ரிடிம்’ எனப்படும். அதற்குத் தனிப் பெயர் உண்டு, தனி வாழ்க்கை உண்டு. 1967இல் ஸ்டூடியோ ஒன்னில் சவுண்ட் டைமன்ஷன் குழு பதிவுசெய்த ‘ரியல் ராக்’ அப்படிப்பட்ட ஒன்று. அதன்மேல் ஏறிய பாட்டுகள் கணக்கிலடங்கா. சிப்பிள்ஸின் பாஸில் ஓடிய ‘ஃபுல் அப்’ ரிடிம், மைட்டி டைமண்ட்ஸின் கைவழியாக வந்து, 1982இல் மியூசிகல் யூத் என்ற சிறுவர் குழுவின் ‘பாஸ் தி டச்சி’யாக உலகம் முழுக்க ஒலித்தது. ஸ்டூடியோ ஒன் ரிடிம்களைச் சேனல் ஒன் ஆட்கள் எழுபதுகளில் திரும்ப வாசித்தார்கள். ரூட்ஸ் ராடிக்ஸ் எண்பதுகளில் இன்னொரு முறை வாசித்தார்கள். வேறு விரல்கள், வேறு ஆம்புகள், வேறு மிக்சர்கள். டோன் ஒவ்வொரு முறையும் மாறியது. இரண்டு சுற்று ஓடினாலே கிங்ஸ்டன் தெருவில் நிற்பவன் ரிடிமின் பெயரைச் சொல்லிவிடுவான். அவன் அடையாளம் காண்பது சுரங்களின் வரிசையையும் அவற்றுக்கிடையே உள்ள மௌனங்களையும்.

இதன் உச்சம் 1985இல் வந்தது. வெய்ன் ஸ்மித் பாடி, கிங் ஜாமி வெளியிட்ட ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பாட்டில் பாஸ் கிட்டாரே இல்லை. கேசியோ எம்டி-40 என்ற வீட்டு உபயோகக் கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் வரும் ஆயத்தத் தாளம்தான் அதன் முதுகெலும்பு. அந்தத் தாளத்தை அமைத்த ஒக்குடா ஹிரோகோ, கல்லூரியில் ரெகேயைப் பற்றி ஆய்வேடு எழுதிவிட்டுக் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். மரம் இல்லை, தந்தி இல்லை, ஸ்பாஞ்ச் இல்லை. ஆனாலும் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டங்கள் அதற்குத் தலைவணங்கின. இசையின் போக்கே திரும்பியது. அது டான்ஸ்ஹால் என்ற பிற்கால வகை, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று யாராவது சொன்னால், அந்த வாதத்தைக் கிங்ஸ்டனில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

அப்படியானால் கனம் எங்கிருந்து வருகிறது? முதலாவது, காலம். ‘ஒன் டிராப்’ தாளத்தில் நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையில் கிக் டிரம் விழாது, மூன்றாவதில் விழும். ராக் இசையில் எல்லோரும் ஓடிவந்து குதிக்கும் அந்த ‘ஒன்று’ இங்கே காலி. பாஸும் பல லைன்களில் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, பின்னால் வந்து நுழையும். காலியான இடத்துக்கு அடுத்து வரும் சுரத்துக்குத் தானாகவே எடை கூடுகிறது. இரண்டாவது, சுரத்தின் நீளம். ஒரு சுரத்தைத் தொடங்குவது வலக்கை, முடிப்பது இடக்கை. விரலைத் தந்தியிலிருந்து முழுதாக எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சுரம் நறுக்கென்று நிற்கும். அது கிக் டிரம்முக்கு முன்பே நின்றதா, அதோடு சேர்ந்து நின்றதா, அதைத் தாண்டி நீண்டதா என்பதில்தான் ஒரு லைன் நடக்கிறதா நொண்டுகிறதா என்பது தீர்மானமாகிறது. மூன்றாவது, மீட்டும் இடம். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் மேல் மடங்குகள் தூக்கும். கழுத்து முடியும் இடத்தில் மீட்டினால் அடிப்படை தூக்கும். குமிழைத் தொடாமலேயே வலக்கையை ஒரு சாண் நகர்த்தி இருண்ட ஒலியிலிருந்து தெளிந்த ஒலிக்குப் போகலாம். அதே பாட்டின் நடுவில் திரும்பியும் வரலாம்.

மிருதங்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. தொப்பி எனப்படும் அடி ஒலிப் பக்கத்தில் ரவை அப்பாமல் அந்த அடி ஒலி வராது என்பது மெய். அதற்காக மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை தொப்பியில் எழுப்பிய கும்கி என்ற வழுக்கொலிக்கு ரவைதான் காரணம் என்று யாரும் சொன்னதில்லை. கை எங்கே அழுந்தியது, எங்கே வழுக்கியது, எங்கே எடுபட்டது என்றுதான் பேசுவார்கள்.

நான்காவது, மற்றவர்கள் விட்டுக்கொடுப்பது. இதைப் பட்டியல் மறந்தும் பேசுவதில்லை. ரெகேயில் கிட்டார் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் மெலிந்த ஒலியில் வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆர்கன் நடுவில் குமிழியிட்டு நகர்கிறது. அடியில் ஒரு மைதானமே காலியாகக் கிடக்கிறது, பாஸ் அதில் தனியாக நிற்கிறது. கனத்த டிஸ்டார்ஷன் போட்ட இரண்டு கிட்டார்கள் அந்த மைதானத்தில் கூடாரம் அடித்திருக்கும் குழுவில் நீங்கள் எந்தத் தந்தியை மாட்டினாலும் ரெகே வராது. வெய்லர்ஸின் ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பத்தை 1973இல் லண்டனில் வெளியிடும்முன் கிட்டாரும் கீபோர்டும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. சேர்க்காத ஜமைக்கா வடிவம் 2001இல் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே பாஸ், ஒரே வாசிப்பு. அக்கம்பக்கத்தில் ஆள் கூடியதும் பாஸின் இருப்பு எப்படி மாறுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கருவிக்கு வேலையே இல்லை என்கிறீர்களா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. ஃப்ளாட்வூண்ட் தந்தியில் விரல் உராயும் கிரீச்சொலி குறையும். சுரம் சீக்கிரம் தேயும். ரெகேக்கு அது வசதி. பழைய தந்தியும் ஸ்பாஞ்சும் சுரத்தைக் குட்டையாக்கி, இடக்கை செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தாங்களே செய்துவிடுகின்றன. கை பழகாதவருக்கு அது ஊன்றுகோல், பழகியவருக்கு ஒரு சுவை. ஆனால் ஸ்பாஞ்ச் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவாக வெட்டும். எதை வெட்டுவது, எதை நீட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமையைக் கையிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அந்த உரிமைதான் வாசிப்பு.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஒரு பழைய ரிடிமை எடுத்து, கிட்டாரைத் தொடாமல் வாயால் பாடுங்கள். மௌனங்களையும் சேர்த்துப் பாடுங்கள். அடுத்து, உங்களிடம் இருக்கும் பாஸில், இருக்கும் தந்தியில், டோன் குமிழைப் பாதியில் வைத்து, ஆம்பின் எல்லாக் குமிழையும் நடுவில் நிறுத்தி வாசியுங்கள். ஒவ்வொரு சுரமும் எங்கே முடிய வேண்டும் என்பதை இடக்கைக்குக் கற்றுக்கொடுங்கள். வலக்கையைக் கழுத்தருகே கொண்டுபோங்கள். டிரம்ஸ் வாசிப்பவரோடு உட்காருங்கள். முதல் எண்ணிக்கையைக் காலியாக விடும் துணிச்சல் இருவருக்கும் வரும்வரை வாசியுங்கள். கிட்டார் வாசிப்பவரிடம் அடித் தந்திகளைத் தொடாதே என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு, நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நிகழ்ச்சியின் ஒலி அளவில், குழுவோடு சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் குமிழைத் தொடுங்கள். பெரும்பாலும் ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கினால் போதும். நடு அதிர்வெண்களைக் காப்பாற்றினால் போதும். பாஸை ஏற்ற வேண்டியே இருக்காது.

அதன்பிறகும் ஃப்ளாட்வூண்ட் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். அப்போது அதை என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுவரை கடைக்காரர் காத்திருக்கட்டும்.